றோஸ் நிற மல்லி

செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டின் கதவை இழுத்ததும் முதலில் முகத்தில் வந்து ஒட்டுவது மூட்டைப்பூச்சி நாற்றம். கொத்தமல்லி காய்ந்து கடைக்குப் போன பிறகுதான் மணக்கும். செடியில் பச்சைக் காயாகத் தொங்கும்போது, ஒரு பழைய மெத்தையின் தையலுக்குள் இருக்கிற மூட்டைப்பூச்சிகளையெல்லாம் ஒன்றாக நசுக்கினால் எப்படியிருக்குமோ அப்படி நாறும். அந்த நாற்றம் தலைமயிருக்குள் போகும், உள்ளாடைக்குள் போகும், மத்தியானச் சோற்றுக்குள் போகும். வேலை முடிந்து லண்டனில் எட்மண்டன் பஸ்ஸில் ஏறினால், பக்கத்தில் இருப்பவர்கள் போனைப் பார்ப்பதுபோல எழுந்து பின்னுக்குப் போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை, காலை ஐந்து மணி. யூலை மாதம் என்பதால் வெளிச்சம் வந்துவிட்டது. கூரைக் கண்ணாடியில் கோர்த்திருந்த ஈரம் துளித்துளியாகப் பிடரியில் விழுந்தது. ஒரு மூலையில் ஜெரோசன் மீன் கரைசல் வாளிகளின் மூடியைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு தடியால் கிண்டினான். மீன்கடைக் கழிவில் சீனி போட்டு மூன்று வாரம் புளிக்கவைத்த உரம் அது. மேலே மிதந்த வெள்ளை ஆடைக்குள் புழு நெளிந்தது. "சாப்பிட்டாச்சோ, தம்பிமாரே?" என்று புழுக்களை விசாரித்துவிட்டு அவன் தெளிப்பானை நிரப்பினான்.

நடுவில், தார்ப்பாய் விரித்த சீமெந்துத் தரையில், பிலோமினம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் மல்லி மிதித்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால்வரை மடித்த காற்சட்டை, வெறுங்கால், பிடித்துக்கொள்ள மேலே கட்டிய கயிறு. ஒரு மல்லி என்பது ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டு விதை. அதை முழுதாகப் போட்டால் சோம்பலாக முளைக்கும். பிளந்து போட்டால் இரண்டும் முளைக்கும். குதிக்காலால் அழுத்தி முன்னுக்கு இழுக்கவேண்டும். கூட அழுத்தினால் பருப்பு நொறுங்கிவிடும். ஐம்பத்தெட்டு வயதான பிலோமினம்மாவின் குதிக்காலுக்கு அந்த அளவு தெரியும்.

அவர்களுக்குப் பக்கத்தில் குறிப்புக் கொப்பியோடு நின்றவள் றஜீனா. வயது இருபத்துநான்கு. செவ்வாயும் வியாழனும் மாலையில் கொலிச்சில் பயிர்ச்செய்கை வகுப்புக்குப் போகிறவள். எதையும் மூன்றுமுறை எண்ணாமல் எழுதமாட்டாள். எழுதிய பிறகும் நம்பமாட்டாள். வெப்பம், ஈரம், தட்டுக்கு எத்தனை விதை, எத்தனை முளை, ஒரு செடிக்குக் குடைபோல விரிகிற பூக்குடை எத்தனை, ஒரு குடைக்கு எத்தனை காய், எல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தன. வரும் ஒவ்வொரு விதைப் பொதியின் விபரச்சீட்டையும் வெட்டி ஒட்டிவைப்பதும் அவள் பழக்கம்.

அன்று புதுச் சாக்குகள் வந்திருந்தன. சண்முகராசா ஒன்றைப் பிரித்துக் கொட்டினார். அவர் அங்கே பதினைந்து வருடமாக மேற்பார்வை பார்ப்பவர். கொட்டிய விதை மல்லி நிறத்தில் இல்லை. றோஸ் நிறத்தில் இருந்தது.

"இதென்ன, கேக்குக்கு மேல தூவுற சீனி மாதிரிக் கிடக்கு?" என்றாள் பிலோமினம்மா.

"கலர் அக்கா. நல்ல விதை எண்டு காட்டப் பூசுறது. சிவா அண்ணை விசாரிச்சுத்தான் எடுத்தவர்" என்று முதலாளியின் பெயரைச் சொன்னார் சண்முகராசா.

"மல்லிக்கும் பவுடர் போடுகினமோ, லண்டனில?" சிரித்துக்கொண்டே அவள் கயிற்றைப் பிடித்தாள்.

மிதிக்க மிதிக்க றோஸ் தூசி எழும்பியது. மூக்குத் துவாரத்தின் ஓரம், கண் இமை, உதட்டுக் கோடு எல்லாம் றோஸ். வியர்வை பட்ட இடத்தில் அது பசையாகிக் கால்விரல்களுக்கு இடையில் திரண்டது. தேநீர் இடைவேளையில் துப்பினால் எச்சிலும் றோஸ். விபரச்சீட்டைத் தேடி றஜீனா சாக்கைப் புரட்டினாள். சாக்கின் வெளிப்புறத்தில் எழுத்து இருந்த இடத்தை யாரோ சுரண்டியிருந்தார்கள். ஆனால் வாய்த்தையலுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு விபரச்சீட்டு தப்பியிருந்தது. அவள் கத்தரிக்கோலால் அதை வெட்டியெடுத்து, அன்றைய பக்கத்தில் பசை போட்டு நேராக ஒட்டினாள். ஓரத்தைத் தடவிச் சரிசெய்தாள்.

ஒட்டினாள். வாசிக்கவில்லை.

*

மல்லியைப் பிளந்து விதைக்கிற யோசனையைக் கண்ணாடி வீட்டுக்குக் கொண்டுவந்தவளே றஜீனாதான்.

மாசியில் வகுப்பு ஆசிரியை மெலனி ஒரு பயிற்சி கொடுத்திருந்தாள்: ஒரு பயிரின் விளைச்சலைக் கூட்டிக் காட்டு, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பக்கத்தில் எதுவும் மாற்றாத ஒரு தட்டை எப்போதும் வைத்திரு. றஜீனா மல்லியை எடுத்தாள். முழு விதை நூறுக்கு ஐம்பத்துநாலு முளைத்தது. பிளந்த விதை எண்பத்தொன்று. முளைத்ததை நாலு விரல் இடைவெளியில் நட்டு, ஒரு சாண் உயரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டபோது பக்கக் கிளை வந்தது. கிளைக்குக் கிளை பூக்குடை வந்தது. பிழையாக எண்ணிவிட்டேனோ என்ற பயத்தில் மூன்றாம் தடவையும் விதைத்துப் பார்த்த பிறகுதான் முதலாளியிடம் காட்டினாள்.

சிவானந்தன் சந்தோசப்பட்டார். அவரை முதலாளி என்று யாரும் கூப்பிடக்கூடாது, அண்ணை என்றுதான் கூப்பிடவேண்டும். நகரத்து நடுவில் இருக்கிற பெரிய உணவகங்கள் பச்சை மல்லிக்காயை மீனுக்கு மேல் எண்ணி எண்ணி வைத்துப் பரிமாறுகின்றன. அவற்றுக்கு வாரம் இருமுறை காய் அனுப்புகிறவர் அவர். "எங்கட பிள்ளையின்ர மூளை" என்று றஜீனாவின் தலையில் கைவைத்தார். அவள் உள்ளுக்குள் பூரித்தாள். அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பிறகு அவர் ஒரு கமராக்காரனைக் கூட்டிவந்தார். பிலோமினம்மா இரண்டு பாட்டாச் செருப்பைக் கைகளில் மாட்டி, மல்லியைத் தரையில் தேய்த்துக் காட்டினாள். சிவானந்தன் முகம் சுளித்தார்.

"செருப்பு வேண்டாம் அக்கா. பார்க்க அசிங்கமாக் கிடக்கு. வெறுங்காலால மிதியுங்கோ. மெதுவா. வெள்ளிக் கொலுசு ஒண்டு போடுவமே?"

"எங்கட மன்னாரில செருப்பாலதான் தேய்க்கிறது தம்பி. வெறுங்காலால ஆர் மிதிச்சது?"

"இனி மிதிச்சதெண்டு வைப்பம்."

அந்த வீடியோவில் பிலோமினம்மாவின் முகம் இல்லை. கொலுசு போட்ட கால் மட்டும்தான். கீழே ஆங்கிலத்தில் ஓடிய வரி: ஆயிரம் ஆண்டுத் தமிழ் மரபு, பாதங்களால் எழுப்பப்படும் விதை. சமையல்காரர்கள் வந்து பார்த்தார்கள், படமெடுத்தார்கள். அன்றிலிருந்து மிதிக்கிற தரையில் செருப்பும் சப்பாத்தும் தடை. விற்பனை ஏற ஏற மிதிக்கவேண்டிய சாக்கும் ஏறியது. நாளுக்கு இரண்டு, மூன்று, இப்போது ஐந்து. பழைய விதைக்காரனால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை. அதனால்தான் இந்தச் சுரண்டிய சாக்குகள்.

*

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குப் பிலோமினம்மா கயிற்றை விட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"காலில நெருப்பு வச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள்.

பாதம் முழுக்கக் கொப்புளம், பொரித்த அப்பளத்தில் எழும்புகிறதுபோல. விரல் இடுக்கில் தோல் வெந்த தக்காளிபோல உரிந்து, உள்ளே மஞ்சள் நீர் ஊறி, அந்த நீரிலும் றோஸ் பொடி ஒட்டியிருந்தது. கண் இமை இரண்டும் வீங்கி மூடிவிட்டன. மற்ற இரண்டு பெண்களும் தங்கள் கால்களைக் குனிந்து பார்த்தார்கள். சிவந்து தடித்திருந்தது, அவர்களும் சொறிந்துகொண்டுதான் மிதித்திருக்கிறார்கள். ஒருத்திக்கு ஓங்காளித்தது. ஜெரோசன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்புலன்சுக்கு அடியுங்கோ அண்ணை!"

சண்முகராசா போனை எடுத்தார். ஆனால் அடித்தது சிவானந்தனுக்கு. தள்ளிப்போய், முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்தார். திரும்பியபோது யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை.

"அம்புலன்ஸ் வேண்டாமாம். காய் ஏத்துற வானில நானே கொண்டுபோறன். அக்கா, ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டில ஏதோ கிறீம் பூசினனான் எண்டு சொல்லட்டாம்."

"நான் பூசிற கிறீம் சவர்க்காரம் ஒண்டுதான் தம்பி" என்றாள் பிலோமினம்மா, கண் தெரியாமல் குரல் வந்த திசைக்கு.

ஆஸ்பத்திரியில் எதைத் தொட்டாய் என்று கேட்டபோது அவள் உண்மையைச் சொன்னாள்: மல்லி. டொக்டர் மறுபடி கேட்டார். மல்லி. மல்லி தொட்டு யாருக்குக் கால் வெந்தது? அவளுக்கு நீரிழிவு, சீனி வருத்தம், இருக்கிறதென்று கணினியில் பார்த்து, அதையே காரணமாக எழுதி, மருந்து கட்டி அனுப்பிவிட்டார்கள்.

வியாழன் காலை சிவானந்தன் றஜீனாவை ஒபிசுக்குக் கூப்பிட்டார். உள்ளே சந்தனக் குச்சி புகைந்தது. கண்ணாடி வீட்டுக்குள் வரும்போது மூக்கில் கைக்குட்டை பிடிக்கிற மனிதர், இங்கே நெஞ்சு நிறைய இழுத்து மூச்சுவிட்டார். மேசையில் ஒரு தட்டு மட்டன் றோல்ஸ்.

"சாப்பிடு பிள்ளை."

"வேண்டாம் அண்ணை."

"அக்கா பாவம். சீனி வருத்தக்காரர் காலைக் கவனிக்க வேணும். கவனிக்கேல்லை." ஒரு கடதாசியை அவள் பக்கம் திருப்பினார். "இதில ஒரு கையெழுத்து வை. விதைப் பதிவுக்குப் பொறுப்பு நீதானே."

கடதாசியில் நாலு வரிதான். தொழிலாளர் எல்லாருக்கும் சப்பாத்து, கையுறை, முகமூடி கொடுக்கப்பட்டன. பிலோமினம்மா அவற்றை அணிய மறுத்தார். இதை விதைப் பதிவாளர் றஜீனா நேரில் கண்டார். இனி பிலோமினம்மாவுக்கு இங்கே வேலை கொடுப்பது பாதுகாப்பல்ல.

"சப்பாத்துப் போடக்கூடாது எண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?"

"நான் சொன்னது வீடியோவுக்கு." அவர் ஒரு றோலைக் கடித்தார். எண்ணெய் கீழுதட்டில் மினுங்கியது. "இஞ்ச பார். நான் வந்த புதுசில ஒரு அறையில பத்துப்பேர் படுத்தனாங்கள். பெற்றோல் ஷெட்டில நிண்டு கால் வெடிச்சது. ஆரும் எனக்குக் கிறீம் பூசேல்லை. நீ படிக்கிற பிள்ளை. வாற மாசம் சண்முகத்தின்ர இடத்துக்கு உன்னைத்தான் யோசிச்சு வச்சிருக்கிறன். நிரந்தர வேலை. வீட்டில அந்த மேல் அறையும் உனக்குத் தனிய."

எட்மண்டனில் அவளும் பிலோமினம்மாவும் இன்னும் நாலுபேரும் இருக்கிற வீடு அவருடையது. வேலையும் அவருடையது, படுக்கிற கட்டிலும் அவருடையது.

"கையெழுத்து வைக்காட்டி?"

"வைக்காட்டி நீ பதிவுக்குப் பொறுப்பா இருந்தும் ஒண்டும் கவனிக்கேல்லை எண்டுதான் நான் எழுத வேண்டி வரும்." அவர் விரலைத் துடைத்தார். "நாளைக்கு விடிய வை. அப்பிடியே அந்தக் கொப்பியையும் கொண்டுவா. ஒபிசில வைப்பம். அதில நீ எழுதினதெல்லாம் எங்கட தொழில் ரகசியம் தானே."

அவள் கடதாசியோடு வெளியே வந்து, கழிவறைக்குப் போய், வாயைக் கழுவினாள். எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் வாய்க்குள் அந்த எண்ணெய் இருப்பதுபோல இருந்தது.

*

அன்று மாலை வகுப்பு. மற்றவர்கள் போன பிறகு றஜீனா மெலனியின் மேசையில் கொப்பியை விரித்தாள். தன் கணக்கில் எங்கேயோ பிழை இருக்கிறது என்று நினைத்துத்தான் போனாள். மீன் கரைசலா, தண்ணீரா, சவர்க்காரமா, உண்மையிலேயே சீனி வருத்தமா?

மெலனி பக்கங்களைப் புரட்டினாள். "இரண்டு மாதமாக அதே ஆள், அதே தரை, அதே மிதி. கால் நன்றாக இருந்திருக்கிறது. எது மாறியது?"

"சாக்கு."

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

மெலனி திங்கட்கிழமைப் பக்கத்தில் நின்றாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒட்டியிருந்த சீட்டை வாசித்தாள். அவள் முகம் மாறியது.

"இது பூஞ்சணக் கொல்லி பூசிய விதை. இயந்திரத்தால் விதைக்கிறது. இதை யாராவது வெறுங்கையால் தொட்டார்களா?"

கையால் இல்லை, காலால் என்று எப்படிச் சொல்வது?

பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து அந்தச் சீட்டை றஜீனா திரும்பத் திரும்ப வாசித்தாள். கடுகளவு எழுத்து. குறுக்குக்கோடு போட்ட கைப்படம். மூன்று நாளாக அவளுடைய பைக்குள் கிடந்திருக்கிறது. முளையை மூன்றுதரம் எண்ணுகிறவள் இதை ஒருதரம் வாசிக்கவில்லை. ஓரம் நேராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் சமையலறைச் சுவரில் இருந்தது. பிலோமினம்மா இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்திருந்தாள். கட்டுத்துணியில் மஞ்சள் கறை ஊறியிருந்தது. இமை கொஞ்சம் திறந்திருந்தது. ஜெரோசன் அவளுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருந்தான். மற்ற மூவரும் அங்கேயே தரையில் இருந்தார்கள்.

றஜீனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடதாசி, மேல் அறை, கொப்பி. கடைசியாகச் சீட்டு.

"என்ர கையில இருந்தது அன்ரி. திங்கட்கிழமையே இருந்தது. நான் வாசிக்கேல்லை."

றஜீனா ஒரு ஆறுதல் வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"வாசிச்சிருக்கலாம் பிள்ளை" என்றாள் பிலோமினம்மா. "நீ படிக்கிறனி. நாங்கள் உன்னை நம்பித்தான் மிதிச்சனாங்கள்."

"ஓம் அன்ரி."

"அழாத. அழுது என்ர கால் ஆறாது." காலைக் கொஞ்சம் அசைத்து, பல்லைக் கடித்தாள். "இப்ப வாசி. எல்லாரும் கேக்க வாசி. தமிழில சொல்லு."

வேறு வீடுகளில் இருந்த மற்ற ஐந்துபேரையும் ஜெரோசன் வட்சப்பில் கூப்பிட்டு, போனை மா வைத்திருந்த தகரப் பேணிமேல் சாத்தி வைத்தான். றஜீனா வாசித்தாள். வெறும் தோலில் படக்கூடாது. தூசியைச் சுவாசிக்கக்கூடாது. கையுறை, சப்பாத்து, முகமூடி இல்லாமல் கையாளக்கூடாது. மனிதருக்கோ மிருகத்துக்கோ உணவாக்கக்கூடாது. தோலில் பட்டால் உடனே கழுவி, மருத்துவரிடம் இந்தச் சீட்டைக் காட்டவேண்டும்.

"இந்தச் சீட்டை" என்று பிலோமினம்மா திரும்பச் சொன்னாள்.

"நான் மூண்டு நாளா அந்தத் தூசியைத் தும்மிக்கொண்டு திரியிறன்" என்றது போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல். புதன்கிழமை தன் காலைக் குனிந்து பார்த்தவர்களில் ஒருத்தி அவள். "என்ர கால் சிவந்து கிடக்கு. நான் பயத்தில சொல்லேல்லை."

"அண்ணை எண்டு கூப்பிடச் சொன்ன வாய்க்கு…" என்று தொடங்கிய ஜெரோசன், புட்டுக்குழலைத் தட்டுகிற சத்தத்தில் மிச்சத்தை முடித்தான்.

"நாளைக்கு ஒருத்தரும் உள்ள போறேல்லை" என்றான் பிறகு.

"போகாட்டி இந்த வீட்டை விட்டுக் கலைப்பான்" என்றார் தரையில் இருந்த ஒருவர். "எனக்கு ரெண்டு பிள்ளையள் ஊரில."

அது பகிடி விட்டுச் சிரிக்கிற விசயம் இல்லை. யாரும் பகிடி விடவில்லை. றஜீனா கொப்பியைப் புரட்டினாள். அவளுக்குத் தெரிந்தது கொப்பி ஒன்றுதான்.

"ஏழாம் வரிசையிலயிருந்து பன்ரெண்டுவரை காய் பிடிச்சு முடிஞ்சுது" என்றாள் மெதுவாக. "நாளைக்கும் நாளையிண்டைக்கும் பறிச்சு ஆயவேணும். அதுக்குப் பிறகு பழுப்பாகிடும். பழுப்பானதை அந்தக் கடையள் வாங்காது. இவ்வளவு காயை அவர் ஒரு வருசத்திலயும் கண்டதில்லை. புது ஆக்களைக் கொண்டந்தாலும், குடை முறியாமல் ஆயப் பழக ஒரு கிழமை வேணும். நான் எழுதி வச்சிருக்கிறன். எனக்கே ஒன்பது நாள் எடுத்தது." தயங்கினாள். "ஒரு ரெண்டு நாள் பிழைச்சிருக்கலாம், என்ர கணக்கு."

ஜெரோசன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "பிழைச்சா ஏழு நாள். அதுவும் போதும்."

மூன்று விசயத்தில் ஒத்துக்கொண்டார்கள். றோஸ் சாக்கு வெளியே போகவேண்டும். நடந்தது நடந்தபடி விபத்துப் புத்தகத்தில் ஏறவேண்டும். பிலோமினம்மாவின் இடம் அவளுக்கே இருக்கவேண்டும். சீட்டைப் படமெடுத்து, வேலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு முறைப்பாடும், ஆஸ்பத்திரிக்கு ஒரு பிரதியும் அனுப்பினார்கள். ஆங்கிலத்தை றஜீனா எழுதினாள். பெயர்களை அவரவர் எழுதினார்கள்.

"சண்முகண்ணைக்குச் சொல்லுறதோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவர் வானில கொண்டுபோகேக்க வழி முழுக்க ஒரு சொல் கதைக்கேல்லை" என்றாள் பிலோமினம்மா. "இறக்கேக்க மட்டும் என்ர செருப்பைக் காலடியில எடுத்து வச்சவர். சொல்லு. வந்தா வரட்டும்."

*

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. கதவு திறந்திருந்தது, மூட்டைப்பூச்சி நாற்றம் வழக்கம்போல வெளியே வழிந்தது. பிலோமினம்மாவைத் தவிர மற்றப் பத்துப்பேரும் சப்பாத்துக் காலோடு, சரளைக் கல்லில் நின்றார்கள். சண்முகராசா கதவுக்கு உள்ளே நின்றார். வாசிச்சனான் என்று இரவு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தார். அவர் பின்னால், மிதிக்கிற தரையில் றோஸ் மல்லி கொட்டிப் பரப்பிக் கிடந்தது.

ஐந்து பத்துக்குச் சிவானந்தனின் கார் வந்தது. மண்ணிறத் தோல் சப்பாத்து முதலில் இறங்கியது. பிறகு கைக்குட்டை.

"என்ன, கோயில் திருவிழாவோ? உள்ள போங்கோ."

யாரும் அசையவில்லை.

"றஜீனா, கடதாசி?"

அவள் முன்னே வந்தாள். கடதாசியை அவரிடம் கொடுத்தாள். அதில் கையெழுத்து இல்லை.

"இதில இருக்கிறது நடக்கேல்லை அண்ணை. சப்பாத்து ஒருத்தருக்கும் தரேல்லை. அந்த விதை நஞ்சு பூசினது. சீட்டு எங்களிட்ட இருக்கு."

"நஞ்சோ? ஆர் சொன்னது, உன்ர பின்னேர வகுப்போ? அது வெறும் கலர். இனிப்புக்குப் போடுற கலர்." அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். குரல் இளகியது. "நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம். ஒரு சின்னப் பிள்ளை ரெண்டு புத்தகம் படிச்சிட்டுக் கதைக்குது எண்டு நீங்களும் சேர்ந்து நிக்கிறியளே? வெள்ளிக்கிழமை. பத்து மணிக்கு வான் வெளிக்கிட வேணும்."

"ஓம் அண்ணை, குடும்பம்தான்" என்றான் ஜெரோசன். "கலர் எண்டா பயமில்லை. ஒருக்கா நீங்கள் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மிதிச்சுக் காட்டுங்கோ. ஐஞ்சு நிமிசம். பிறகு நாங்கள் நாள் முழுக்க மிதிக்கிறம்."

"என்ன கதை கதைக்கிறாய்?"

"ஆயிரம் வருசத்து மரபு அண்ணை. உங்கட காலுக்கும் சொந்தம்தானே. நான் வீடியோ எடுக்கிறன். கொலுசு வேண்டாம்."

இரண்டுபேர் சிரித்தார்கள். சிவானந்தன் சிரிக்கவில்லை. தான் சொன்னதை நிரூபிக்கிறவர்போல இரண்டு அடி உள்ளே வைத்தார். தார்ப்பாயின் ஓரத்துக்கு வந்தார். றோஸ் தூசி லேசாக எழும்பியது.

அவர் குனிந்து விதையைப் பார்த்தார். எல்லாரும் அவருடைய கையைப் பார்த்தார்கள். அது சப்பாத்து நாடாவுக்குப் போகவில்லை. கைக்குட்டையை மூக்கில் இன்னும் இறுக்கியது. பிறகு ஒரு கால், தூசி படாமல், அரையடி பின்னுக்கு வந்தது.

அந்த அரையடியை எல்லாரும் கண்டார்கள்.

"தெரிஞ்சுதான் எடுத்தனீங்கள்" என்றார் சண்முகராசா. அவர் குரலை அங்கே யாரும் அப்படிக் கேட்டதில்லை. "சாக்கைச் சுரண்டச் சொன்னது நீங்கள்தான். நான்தான் சுரண்டினனான். ஆங்கில எழுத்து மூட்டையில இருந்தா வாற ஆக்களுக்கு வடிவில்லை எண்டு சொன்னனீங்கள்."

"சண்முகம், வாயை மூடு. உன்னை ஆர் இந்த நாட்டில…"

"அக்காவைப் பொய் சொல்லச் சொன்னதும் என்ர வாய்தான்." அவர் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தைக் கழற்றி, றோஸ் விதையின்மேல் போட்டார். அது அரைவாசி புதைந்தது. எடுக்கவேண்டுமென்றால் வெறுங்கையை விடவேண்டும். அவர் வெளியே வந்து சரளைக்கல்லில் நின்றார்.

"மத்தியானத்துக்குள்ள வேற ஆக்களை இறக்குவன்!" சிவானந்தன் கத்தினார். "வீட்டுச் சாமானை றோட்டில போடுவன். ஒருத்தருக்கும் வேற இடத்தில வேலை எடுக்கக் கடிதம் தரமாட்டன்."

"இறக்குங்கோ அண்ணை" என்றாள் வட்சப்பில் தும்மிய பெண். "வாற ஆக்களுக்கும் சீட்டை வாசிச்சுக் காட்டுவம். எங்களுக்கு இண்டைக்கு வேற வேலை இல்லை."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு காருக்கும் கதவுக்கும் இடையில் நடந்தார். உள்ளே, ஏழாம் வரிசையிலிருந்து பன்னிரண்டுவரை, காய்கள் பச்சையாக, கனமாக, நாறிக்கொண்டு தொங்கின. வெயில் ஏறத் தொடங்கியது. பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து யாராவது வருவார்களா, எப்போது வருவார்கள், இரவு எங்கே படுப்பது, எதுவும் தெரியாது. கவிழ்த்த நாற்றுத் தட்டுகளில் சிலர் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் நின்றார்கள். ஒருத்தி பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள். இன்றைய தேநீரில் றோஸ் இல்லை.

றஜீனா கொப்பியை மடியில் விரித்தாள்.

வெள்ளி. காலை 5.40. வெப்பம் 18. மிதித்த விதை: இல்லை. ஆய்ந்த காய்: இல்லை. வெளியே நிற்பவர்கள்: என்று எழுதி, தலையைத் தூக்கிப் பென்சிலால் ஒவ்வொருவராக எண்ணினாள். திரும்ப எண்ணினாள். மூன்றாம் தரமும் எண்ணிவிட்டுப் பத்து என்று எழுதினாள்.

ஜெரோசன் தேநீரோடு எட்டிப் பார்த்தான். "பிழை."

அவள் எழுதியதைத் திரும்பப் பார்த்தாள். "என்ன பிழை? மூண்டுதரம் எண்ணினனான்."

"பிலோமினா அன்ரியை விட்டா பதினொண்டு வரவேணும்."

அவள் மறுபடி எண்ணினாள். சண்முகண்ணையோடு பத்து. முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யார் போனது? யார் உள்ளே போனது?

"நீ எங்க நிக்கிறாய்?" என்று கேட்டான் ஜெரோசன்.

அவள் குனிந்து, சரளைக்கல்லில் இருந்த தன் சப்பாத்துகளைப் பார்த்தாள். பத்தை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் பதினொன்று என்று எழுதினாள். பிறகு கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து, சண்முகராசாவுக்கும் ஜெரோசனுக்கும் நடுவில் போய் நின்றாள்.